எதிர்ப்பு சக்தி குறைந்து வந்த நோயா?

முடக்குவாதம், லூபஸ் போன்று உடலின் காவல் அமைப்பு சொந்த உடலையே தாக்கும் ஒரு நோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் ஏறத்தாழ ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள். உடம்பில் எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டது, சாப்பாட்டைச் சரிசெய்யாமல் விட்டதால் வந்தது, கவலைப்பட்டுக் கவலைப்பட்டு வரவழைத்துக்கொண்டது. இதையே யூடியூப் காணொளிகளும் பத்திரிகைகளின் உடல்நலப் பக்கங்களும் சொல்கின்றன. 2020இல் கொரோனா வந்தபோது வீட்டுக்கு வீடு கஷாயமும் துத்தநாக மாத்திரையும் நுழைந்தன. எதிர்ப்பு சக்தி என்றால் கூட்டவேண்டிய ஒன்று என்ற நம்பிக்கை அப்போது உறுதிப்பட்டு, கொரோனா ஓய்ந்த பிறகும் அப்படியே நிற்கிறது.

அந்தக் கருத்தை அதன் முழு வலுவோடு எடுத்துரைப்பதே நியாயம். உடலின் காவல் அமைப்பு நல்ல உணவாலும் உறக்கத்தாலும் மன அமைதியாலும் பேணப்படுகிறது. பாக்கெட் உணவு, பூச்சிக்கொல்லி, உறக்கமின்மை, ஓயாத உளைச்சல் எல்லாம் அதைக் கெடுக்கின்றன. கெட்டுப்போன காவல் தடுமாறிச் சொந்த உடலைத் தாக்குகிறது. நம் தாத்தா பாட்டிகள் காலத்தில் இந்த நோய்கள் இல்லை. ஒரே மரபணுக்கள் கொண்ட இரட்டையரிலேயே ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல் போகிறது என்றால் மரபணு எப்படிக் காரணமாகும்? ஆகவே வாழ்க்கை முறையைத் திருத்தி எதிர்ப்பு சக்தியைக் கூட்டினால் நோய் விலகும்.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. புகைபிடிப்பவர்களுக்கு முடக்குவாதம் அதிகம் வருகிறது. அமெரிக்கப் படைவீரர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2022இல் வெளியான ஆய்வு, எப்ஸ்டைன்-பார் வைரஸ் தொற்றியவர்களுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுவதைக் காட்டியது. பின்லாந்துக் குழந்தைகளுக்கும் எல்லைக்கு அப்பால் ரஷ்யக் கரேலியாவில் வளரும் குழந்தைகளுக்கும் மரபணு அமைப்பு நெருக்கமானது. ஆனால் முதல் வகை நீரிழிவு பின்லாந்தில் ஏறத்தாழ ஆறு மடங்கு அதிகம். சூழலுக்குப் பங்கு இல்லை என்று விவரம் அறிந்த எவரும் சொல்லமாட்டார்கள். மறுக்க வேண்டியது, சூழல் மட்டுமே காரணம் என்பதையும், எதிர்ப்பு சக்தி கூடினால் நோய் குறையும் என்பதையும், இந்த இரண்டிலிருந்தும் பிறக்கும் மூன்றாவதான ஒன்றையும்: நோயாளியே குற்றவாளி என்ற தீர்ப்பை.

1. பிறந்து மூன்று வாரமான குழந்தையின் வாழ்க்கை முறை என்ன?

ஐபெக்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு நோய் உண்டு. ஆண் குழந்தைகளைப் பிறந்த சில வாரங்களிலோ மாதங்களிலோ தாக்கும். நிற்காத வயிற்றுப்போக்கு, உடல் முழுதும் அரிக்கும் தோல், முதல் வகை நீரிழிவு, தைராய்டு அழிவு என்று ஒன்றன்மேல் ஒன்றாக வரும். சில குழந்தைகள் பிறக்கும்போதே நீரிழிவோடு பிறக்கின்றன. அந்தக் குழந்தை பாக்கெட் உணவு எதையும் தொட்டதில்லை, எந்த அலுவலகத்தின் அழுத்தத்தையும் அறிந்ததில்லை. அதன் எக்ஸ் குரோமோசோமில் ஃபாக்ஸ்-பி3 என்னும் ஒற்றை மரபணு பழுதாகியிருக்கிறது. அவ்வளவுதான் காரணம்.

இந்தக் கதையின் தொடக்கம் 1949இல், அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில். கதிர்வீச்சின் விளைவுகளை எலிகளிடம் ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள், செதிள்செதிளான தோலும் வீங்கிய மண்ணீரலுமாகச் சில ஆண் குட்டிகள் பிறந்து சில வாரங்களில் இறப்பதைக் கண்டார்கள். அரை நூற்றாண்டு கழித்து மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் அந்த எலிகளின் எக்ஸ் குரோமோசோமை அலசி, பழுதான மரபணுவை 2001இல் கண்டுபிடித்தார்கள். ஐபெக்ஸ் குழந்தைகளிடமும் பழுதானது அதே மரபணுதான் என்பது அந்த ஆண்டே தெளிவாயிற்று. ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி, சொந்த உடலைத் தாக்கவரும் செல்களை அடக்கி வைக்கும் தனி வகை டி செல்கள் இருப்பதை 1995இல் நிறுவியிருந்தார். அந்த அடக்கும் செல்கள் உருவாவதற்கு ஃபாக்ஸ்-பி3 இன்றியமையாதது என்று பின்னர் தெரிந்தது. மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

ஐபெக்ஸ் குழந்தையின் உடலில் தாக்கும் செல்களுக்குப் பஞ்சம் இல்லை. அவற்றை அடக்கும் செல்கள்தான் இல்லை. இந்தக் குழந்தைக்கு எதிர்ப்பு சக்தியைக் கூட்டுகிறேன் என்று ஒருவர் வந்தால், அவர் எதைக் கூட்டப்போகிறார்?

2. எதிர்ப்பு சக்தியை உண்மையாகவே கூட்டினால் என்ன நடக்கும் என்பது ஊகம் அல்ல.

அதைச் செய்து பார்த்தாயிற்று. டி செல்களின் மேற்பரப்பில் சிடிஎல்ஏ4 என்று ஒரு மூலக்கூறு இருக்கிறது. தாக்குதலை நிறுத்தச் சொல்லும் கட்டளை அதன் வழியாகப் போகிறது. அதை முடக்கினால் டி செல்கள் கட்டவிழ்ந்து புற்றுநோயைத் தாக்கும் என்று ஜேம்ஸ் ஆலிசன் காட்டினார். அதன்படி உருவான இபிலிமுமாப் என்ற மருந்து 2011இல் தோல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. 2018இல் ஆலிசனுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. உயிர் காக்கும் மருந்து அது, ஐயமில்லை. ஆனால் அதைப் பெற்றவர்களில் பலருக்குப் பெருங்குடல் அழற்சி வந்தது, தைராய்டும் பிட்யூட்டரியும் தாக்கப்பட்டன, கல்லீரல் வீங்கியது. கடைகளில் விற்கும் எந்தச் சூரணத்தாலும் முடியாத அளவுக்கு எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் மருந்து இது. அதன் முதன்மையான பக்க விளைவே தன்னுடல் தாக்குநோய்.

பிறவியிலேயே இதே நிலையில் இருப்பவர்களும் உண்டு. சிடிஎல்ஏ4 மரபணுவின் இரு படிகளில் ஒன்று பழுதாகி, உடல் பாதி அளவே உற்பத்தி செய்யும் குடும்பங்களை 2014இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் விவரித்தன. அவர்களுக்கு ரத்த அணுக்கள் அழிகின்றன. குடலிலும் நுரையீரலிலும் மூளையிலும்கூட டி செல்கள் புகுந்து திரள்கின்றன.

3. பலவீனமும் மிகையும் எதிரெதிர் துருவங்கள் என்று யார் சொன்னது?

வாழ்க்கை முறைக் கருத்தின் அடித்தளமே இங்குதான் நொறுங்குகிறது. மேலே சொன்ன அதே சிடிஎல்ஏ4 குடும்பங்களில் பலருக்கு ரத்தத்தில் எதிர்ப்புப் புரதங்கள் குறைவு. நுரையீரலில் அடிக்கடி தொற்று வரும். கிருமியிடம் தோற்கும் உடலே தன்னைத்தானே தாக்கியும் கொள்கிறது. ஒரே மரபணு, ஒரே ஆள், இரண்டும் ஒருசேர.

சி1க்யூ என்ற புரதம் பிறவியிலேயே இல்லாதவர்களைப் பாருங்கள். கிருமிகளை அடையாளங்காட்டும் சங்கிலியின் முதல் கண்ணி அது. அது இல்லாவிட்டால் தொற்றுகள் அதிகம் வரும், அது எதிர்பார்க்கத்தக்கதுதான். ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கு லூபஸ் போன்ற நோயும் வருகிறது. காரணம், இறந்துபோகும் செல்களை அப்புறப்படுத்தும் வேலையிலும் அந்தப் புரதத்துக்குப் பங்கு உண்டு. அகற்றப்படாத செல் குப்பையில் கிடக்கும் டிஎன்ஏவைக் கண்டு காவல் அமைப்பு தவறாக விழித்துக்கொள்கிறது.

இதைவிட நெருக்கமான சான்று கொரோனா காலத்திலேயே வந்தது, எதிர்ப்பு சக்தி வணிகம் உச்சத்தில் இருந்த அதே மாதங்களில். ஏயர் என்ற மரபணு 1997இல் கண்டுபிடிக்கப்பட்டது. மார்புக்கூட்டினுள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் டி செல்கள் பயிற்சி பெறும்போது, உடலின் பிற உறுப்புகளின் புரதங்களை அவற்றுக்கு முன்கூட்டியே காட்டி, சொந்தத்தைத் தாக்கக்கூடியவற்றைக் களைய உதவுவது இந்த மரபணு. இது பழுதானால் பாராதைராய்டும் அட்ரீனலும் அழியும், வாயில் பூஞ்சைத் தொற்று ஓயாது. பின்லாந்தில் ஏறத்தாழ 25,000 பேரில் ஒருவருக்கும், சார்டினியாவில் 14,000 பேரில் ஒருவருக்கும், ஈரானிய யூதர்களிடையே 9,000 பேரில் ஒருவருக்கும் இந்நோய் உண்டு. இவர்களில் ஏறக்குறைய எல்லோர் ரத்தத்திலும் இன்டர்ஃபெரானைத் தாக்கும் எதிர்ப்புப் புரதங்கள் இருக்கின்றன. இன்டர்ஃபெரான்தான் வைரஸுக்கு எதிரான முதல் அரண்.

இதை நினைவில் வைத்திருந்த ஜான்-லோரான் கசனோவாவின் குழு, 2020இல் கொரோனாவால் உயிருக்குப் போராடிய 987 பேரின் ரத்தத்தைச் சோதித்தது. 101 பேரிடம் இன்டர்ஃபெரானைச் செயலிழக்கச் செய்யும் அதே வகை எதிர்ப்புப் புரதங்கள் இருந்தன. லேசாக வந்துபோன, அல்லது அறிகுறியே இல்லாத 663 பேரில் ஒருவரிடமும் இல்லை. பத்தில் ஒருவர் மூச்சுத் திணறிச் சாவின் விளிம்புக்குப் போனது, அவர்களின் காவல் அமைப்பு தன் சொந்தப் புரதத்தையே தாக்கியதால். கூட்டுவது, குறைப்பது என்ற அளவுகோல் இங்கே எதையும் அளக்காது.

4. இரட்டையர் வாதம் கேட்பதற்கு வலுவானது. எண்களைப் பார்த்தால் திரும்பிக் குத்துகிறது.

பிரிட்டனில் 1993இல் வெளியான ஆய்வில், ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு முடக்குவாதம் இருந்தால் மற்றவருக்கும் இருந்தது 15 விழுக்காடு. இரு கருக்களில் உருவான இரட்டையரில் அது 3.6 விழுக்காடு. இரு வகை இரட்டையரும் ஒரே வீட்டில், ஒரே சமையலில் வளர்ந்தவர்கள். உணவும் சூழலும் மட்டுமே காரணமானால் இரண்டு எண்களும் ஏறத்தாழ ஒன்றாக இருந்திருக்க வேண்டும். நான்கு மடங்கு வேறுபாட்டை வேறு எதை வைத்து விளக்குவது?

சரி, மீதி 85 விழுக்காடு? அது முழுவதும் வாழ்க்கை முறையின் கணக்கில் சேர்ந்துவிடுமா? இங்கேதான் பலர் கவனிக்காமல் கடந்துபோகும் உயிரியல் இருக்கிறது. டி செல்லும் பி செல்லும் தம் ஏற்பிகளைப் பெற்றோரிடமிருந்து ஆயத்தமாக வாங்கிக்கொள்வதில்லை. மரபணுத் துண்டுகளைக் கலைத்து, வெட்டி, குருட்டாம்போக்கில் ஒட்டி ஒவ்வொரு செல்லும் தனக்கென ஒரு ஏற்பியை உருவாக்கிக்கொள்கிறது. எதிர்ப்புப் புரதங்களில் இந்தக் கலைப்பு நடப்பதை நிறுவியதற்காக சுசுமு டோனெகாவாவுக்கு 1987இல் நோபல் பரிசு கிடைத்தது. எனவே டிஎன்ஏவில் ஒன்றாகப் பிறந்த இரட்டையரும் காவல் அமைப்பில் ஒன்றானவர்கள் அல்லர். ஒருவரின் உடலில் தற்செயலாக உருவான ஆபத்தான செல் மற்றவரிடம் உருவாகாமலே போகலாம். மரபணுவிலும் சேராத, வாழ்க்கை முறையிலும் சேராத இந்தத் தற்செயலின் பங்கு, அறிவுரை சொல்கிறவர்களின் கணக்கில் எங்கும் வருவதில்லை. யாரும் எந்தத் தவறும் செய்யாமலே நோய் வர முடியும் என்பதை ஒப்புக்கொள்ள மனம் வராததே இதற்குக் காரணம்.

5. உணவுதான் காரணம் என்போர் சீலியாக் நோயை நேராகப் பார்க்க வேண்டும்.

உணவால் தூண்டப்படும் தன்னுடல் தாக்குநோய் என்று ஐயமின்றி நிறுவப்பட்டது இது. கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் பட்டால் சிறுகுடலின் உட்சுவர் அழிகிறது. கோதுமையை முற்றாக நிறுத்தினால் குடல் தேறுகிறது. வாழ்க்கை முறைக் கருத்துக்கு இதைவிடச் சாதகமான நோய் கிடைக்காது. ஆயினும் இந்த நோய் வந்தவர்கள் ஏறத்தாழ எல்லோரிடமும் ஹெச்எல்ஏ-டிக்யூ2 அல்லது டிக்யூ8 என்ற மரபணு வடிவம் இருக்கிறது. அது இல்லாதவர் வாழ்நாள் முழுதும் சப்பாத்தி சாப்பிட்டாலும் இந்த நோய் வருவது மிக அரிது.

இந்தியாவிலேயே இதைச் சோதித்திருக்கிறார்கள். நாட்டின் மூன்று பகுதிகளில் 23,331 பேரைப் பரிசோதித்து 2016இல் வெளியான ஆய்வு அது. நோய்க்குரிய எதிர்ப்புப் புரதங்கள் வடக்கில் 1.23 விழுக்காட்டினரிடமும் வடகிழக்கில் 0.87 விழுக்காட்டினரிடமும் தெற்கில் 0.10 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டன. வடக்கில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை உண்கிறார், தெற்கில் 25 கிராம். வடக்கையும் தெற்கையும் மட்டும் பார்ப்பவர், எல்லாம் உணவுதான் என்று முடித்துவிடலாம். ஆனால் வடகிழக்கில் கோதுமை உண்பது 37 கிராம்தான், தெற்கைப் போலவே சோறு தின்னும் பூமி. அங்கே நோயின் அடையாளம் வடக்கை நெருங்கி நிற்கிறது. ஹெச்எல்ஏ வடிவங்களை மட்டும் பிடித்துக்கொண்டு விளக்கவும் வழியில்லை, அவை மூன்று பகுதிகளிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவரிடம் உள்ளன. ஆக, உணவு மட்டும் என்றாலும் விடை வராது, அந்த ஒரு மரபணு மட்டும் என்றாலும் வராது.

புகைபிடித்தலும் அப்படியே. சுவீடனில் 2006இல் வெளிவந்த ஆய்வின்படி, முடக்குவாதத்தோடு தொடர்புடைய ஹெச்எல்ஏ வடிவத்தின் இரு படிகளையும் கொண்டு, புகையும் பிடிப்பவருக்குக் குறிப்பிட்ட வகை முடக்குவாதம் வரும் வாய்ப்பு 21 மடங்கு. அந்த மரபணு வடிவம் இல்லாத புகையாளருக்கு அதன் அருகில்கூட வராது. சூழல் என்று நாம் சொல்வது மரபணுவின் வழியாகத்தான் உடலுக்குள் வேலை செய்கிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே பிழையான கேள்வி.

6. தாத்தா காலத்தில் இல்லாதது யாருக்குத் தெரியும்?

முதல் வகை நீரிழிவு வந்த குழந்தை தாத்தாவாகும் வரை உயிரோடு இருந்ததில்லை. 1922 ஜனவரியில் டொராண்டோவில் ஒரு பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்படும் வரை, அந்த நோய் வந்த பிள்ளைகள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் மாண்டார்கள். லூபஸைக் காட்டிக்கொடுக்கும் செல் ரத்தத்தில் அடையாளம் காணப்பட்டது 1948இல். தைராய்டைத் தாக்கும் எதிர்ப்புப் புரதம் கண்டறியப்பட்டது 1956இல். அதற்கு முன்னால் இளைத்துச் செத்த குழந்தையும், கைகால் முடங்கிக் கிடந்த பாட்டியும், முகத்தில் சிவந்த படையோடு கர்ப்பம் கர்ப்பமாகக் கலைந்த மருமகளும் எந்தப் பெயரும் இன்றிப் போனார்கள். மிஞ்சியவர்களின் நினைவை வைத்துக்கொண்டு, அன்று எல்லோரும் நலமாக இருந்தார்கள் என்று சொல்வது இறந்தவர்களை இரண்டாவது முறை புதைப்பது.

மரபணுக்களின் வரலாறோ இதற்கு நேர்மாறானதைச் சொல்கிறது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வாய்ப்பைக் கூட்டும் முக்கியமான ஹெச்எல்ஏ வடிவம், ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன் ஸ்டெப்பி புல்வெளிகளிலிருந்து கால்நடை மேய்ப்பவர்களோடு வடமேற்கு ஐரோப்பாவுக்குப் பரவியது என்று பழங்கால எலும்புகளின் டிஎன்ஏவை ஆராய்ந்து 2024இல் எழுதினார்கள். மந்தைகளோடு வாழ்ந்தவர்களுக்குக் கிருமிகளிடமிருந்து அது காப்பளித்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கணிப்பு. டிஒய்கே2 மரபணுவின் ஒரு வடிவம் இதைத் தெளிவாகவே காட்டுகிறது. அதைப் பெற்றவர்களுக்குச் சொரியாசிஸ், லூபஸ், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வரும் வாய்ப்பு குறைவு. ஆனால் இரு படிகளையும் அப்படிப் பெற்றவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு அதிகம். முன்னோர்கள் கிருமிகளிடமிருந்து தப்பியதற்கான விலையின் ஒரு பகுதியை இன்று நம் மூட்டுகளில் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

7. ஏன் பெண்கள்?

லூபஸ் வந்த பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். இதற்கு ஊரில் உள்ள விளக்கம், பெண்கள் மனத்தில் போட்டுப் புழுங்குகிறார்கள் என்பது. பெண்களின் சுமை உண்மை. அந்தச் சுமையை நோய்க்குக் காரணம் காட்டி, பிறகு அவளையே மனத்தை லேசாக வைத்துக்கொள்ளச் சொல்வது கொடுமை.

எக்ஸ் எக்ஸ் ஒய் என்ற குரோமோசோம் அமைப்போடு பிறக்கும் ஆண்கள் இருக்கிறார்கள். ஆணாகவே வளர்ந்து ஆணாகவே வாழ்கிறவர்கள், ஆனால் ஓர் எக்ஸ் கூடுதல். மற்ற ஆண்களைவிட அவர்களுக்கு லூபஸ் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 14 மடங்கு, அதாவது பெண்களுக்கு இருக்கும் அளவை ஒட்டியது. எந்த மாமியாரின் சொல்லும் இந்த எண்ணை விளக்காது. எக்ஸ் குரோமோசோமில் டிஎல்ஆர்7 என்ற மரபணு இருக்கிறது. வைரஸின் ஆர்என்ஏவை மோப்பம் பிடிக்கும் ஏற்பி அதிலிருந்து உருவாகிறது. ஸ்பெயினைச் சேர்ந்த, ஏழு வயதில் லூபஸ் வந்த ஒரு சிறுமியிடம் இந்த மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதை கரோலா வினுயேசாவின் குழு கண்டது. அதே மாற்றத்தை எலிகளில் ஏற்படுத்தியபோது எலிகளுக்கும் லூபஸ் வந்தது. 2022இல் நேச்சர் இதழில் வெளியான அந்தக் கட்டுரை, ஒரு மரபணு மாற்றம் தனியாகவே லூபஸை உண்டாக்க முடியும் என்பதில் இருந்த தயக்கத்தைப் போக்கியது.

8. மரபணு என்று சொல்லிவிட்டால் தலைவிதி என்று ஆகிவிடாதா?

ஆகாது. இந்த அச்சம்தான் பலரை வாழ்க்கை முறைக் கருத்தின் பக்கம் தள்ளுகிறது என்பதால் இதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். ஹெச்எல்ஏ-பி27 என்ற வடிவத்துக்கும் முதுகுத்தண்டை இறுக்கும் வாத நோய்க்கும் உள்ள தொடர்பை 1973இல் லண்டனிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். மரபணுத் தொடர்புகளில் இத்தனை வலுவானவை குறைவு. ஆனாலும் அந்த வடிவத்தைக் கொண்டவர்களில் நூற்றுக்குச் சிலருக்கே நோய் வருகிறது. பி27 இருக்கிறது என்ற ஒரு பரிசோதனைத் தாளைக் காட்டித் திருமணத்தை நிறுத்தும் வீடு, எதிர்ப்பு சக்தி குறைவு என்று பழிக்கும் வீட்டுக்கு எந்த வகையிலும் மேலானதல்ல. சிடிஎல்ஏ4 பழுதைப் பெற்றவர்களிலேயே நோயின்றி நடமாடுகிறவர்கள் உண்டு.

மரபணுவை அறிவது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்வதற்கும் அல்ல. எல்ஆர்பிஏ என்ற மரபணுவின் இரு படிகளும் பழுதான குழந்தைகளின் கதை இதற்குச் சான்று. ரத்த அணுக்கள் அழிவது, குடல் அழற்சி, நுரையீரல் நோய், தொற்றுகள் என்று ஒவ்வொரு துறை மருத்துவராக அலைந்த குழந்தைகள் அவர்கள். செல்லுக்குள் சிடிஎல்ஏ4 சிதைந்துவிடாமல் காப்பது எல்ஆர்பிஏவின் வேலை என்று 2015இல் தெரிந்தது. சிடிஎல்ஏ4 குறைகிறதென்றால் அதன் வேலையைச் செய்யும் மருந்தைக் கொடுத்தால் என்ன? அப்படி ஒரு மருந்து பத்தாண்டுகளாகவே முடக்குவாதத்துக்குப் புழக்கத்தில் இருந்தது, அபடாசெப்ட். கொடுத்தார்கள், குழந்தைகள் தேறினார்கள். டிஒய்கே2 வடிவம் தரும் பாதுகாப்பை மாத்திரையாக்க முயன்றதில் பிறந்த டியூக்ராவாசிட்டினிப், 2022இல் சொரியாசிஸுக்கு அனுமதி பெற்றது. ஐபெக்ஸ் குழந்தைக்கு எலும்பு மஜ்ஜை மாற்று செய்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு, உறுப்புகள் அழிவதற்கு முன் கண்டுபிடித்தால்.

9. இந்தக் கருத்தால் யாருக்கு என்ன கேடு?

முதலில், மருந்து நிற்கிறது. எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்தையா சாப்பிடுகிறாய் என்று உறவினர் கேட்கும்போது நோயாளிக்கு அச்சம் வருவது இயல்பு. லூபஸ் அடங்கியிருந்த நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு ஹைட்ராக்சி குளோரோகுயின் என்ற மருந்தை நிறுத்திப் பார்த்த கனடிய ஆய்வு 1991இல் வெளிவந்தது. நிறுத்தியவர்களுக்கு நோய் மீண்டும் கிளம்பும் வாய்ப்பு இரண்டரை மடங்கு கூடியது. நீண்ட காலம் எடுத்துவந்த ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவது இன்னும் ஆபத்தானது, உயிரே போகலாம்.

அடுத்து, கூட்டுவதாகச் சொல்லும் பொருளே தீங்காகிறது. கொரோனா காலத்தில் சீந்தில் கொடியைத் தொடர்ந்து உட்கொண்டவர்களுக்கு ஏற்பட்ட கல்லீரல் பாதிப்பை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவுசெய்தார்கள். தொடர்ந்து நாட்டின் 13 மையங்களிலிருந்து 43 நோயாளிகளின் விவரம் வெளியானது. அவர்களில் பலரிடம் தன்னுடல் தாக்கும் கல்லீரல் அழற்சியின் அடையாளங்கள் இருந்தன. ஆயுஷ் அமைச்சகம் இந்த முடிவுகளை ஏற்கவில்லை. ஆனால் அவர்களில் சிலருக்கு ஏற்கெனவே இருந்த தன்னுடல் தாக்கும் இயல்பை அந்தக் கொடி கிளறிவிட்டிருக்கலாம் என்ற மருத்துவர்களின் எச்சரிக்கையை, மேலே பார்த்த உயிரியல் முழுவதும் ஆதரிக்கிறது.

மூன்றாவது கேடு தமிழ்நாட்டுக்கு மிக நெருக்கமானது, மிகக் குறைவாகப் பேசப்படுவதும் அதுவே. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இங்கே திருமணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் ரத்த உறவில் மணந்தவர்கள். மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன். எல்ஆர்பிஏ, சி1க்யூ, ஏயர் ஆகிய மூன்றும் பெரும்பாலும் பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான படி வந்தால் மட்டுமே நோயாகின்றவை. உறவில் மணம் செய்யும்போது அந்த வாய்ப்பு கூடுகிறது. இதைச் சொல்வது எந்தக் குடும்பத்தையும் பழிப்பதற்காக அல்ல. உறவுத் திருமணம் செய்தவர்களின் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே இருக்கிறார்கள். ஆனால் முதல் குழந்தை ரத்தம் குறைந்து, வயிற்றுப்போக்கு நிற்காமல் இறந்திருக்கிறது, இரண்டாவதற்கும் அதே அறிகுறிகள் தொடங்குகின்றன என்றால், அந்த வீட்டில் ஆராய வேண்டியது தாய் என்ன சமைத்தாள் என்பதை அல்ல. உணவின்மேல் பழி விழுந்த வீட்டில் குடும்ப மரத்தை யாரும் வரைந்து பார்ப்பதில்லை.

வரைந்து பார்க்க வேண்டிய தருணங்களை அடையாளம் காண்பது கடினமும் அல்ல. பிறந்த ஆறு மாதத்துக்குள் நீரிழிவு. சிறு வயதிலேயே ஒரே பிள்ளைக்கு இரண்டு மூன்று தன்னுடல் தாக்குநோய்கள். அந்த நோய்களோடு அடிக்கடி நிமோனியா, அல்லது வாயில் ஓயாத பூஞ்சை. பத்து வயதுக்குள் லூபஸ். உடன்பிறந்தவர் ஒருவர் காரணம் தெரியாமல் இறந்தது. இவற்றில் ஒன்று இருந்தாலும் பெற்றோர் தம் மருத்துவரிடம் நேரடியாகக் கேட்கலாம்: இதற்கு ஒற்றை மரபணுக் காரணம் இருக்குமா, பரிசோதிக்க எங்கே அனுப்புவீர்கள்? ரத்தத்தில் சில மில்லி எடுத்தால் போதும். விடை வரச் சில வாரங்கள் ஆகலாம், சிலருக்கு விடையே கிடைக்காமலும் போகலாம். கிடைத்தவர்களுக்கோ, அடுத்துக் கொடுக்க வேண்டிய மருந்து எது, மஜ்ஜை மாற்று தேவையா, அடுத்த குழந்தைக்கு முன் என்ன சோதிக்க வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் மருத்துவரால் பதில் சொல்ல முடியும்.